சின்ன லேத்: முதலில் எதை மாற்றுவது?

வீட்டில் வைத்து உலோகத்தைக் கடைசல் பிடிக்க ஒரு சின்ன லேத் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், முதல் கேள்வி புதுசா பழசா என்பதுதான். புதுசு என்றால் பெரும்பாலும் சீனத் தயாரிப்பான 7 அங்குல மினி லேத். ஒரே மாதிரி இயந்திரம்தான் பல நிறங்களில், பல பெயர்களில் வருகிறது. பழசு என்றால் இங்கிலாந்தின் மைஃபோர்டு எம்.எல்.7 மாதிரியானவை. என்னிடம் இருப்பது முதல் வகை. நண்பரிடம் எம்.எல்.7 இருக்கிறது, அதிலும் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் சமம். பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடித்தளம்) மேலே இரண்டிலும் 7 அங்குல விட்டம் சுழலும், அதாவது 180 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சில விஷயங்களில் மினி லேத் முந்தவும் செய்கிறது. அதன் ஸ்பிண்டிலில் (கடையும் துண்டைச் சுழற்றும் தண்டு) உள்ள துளை 20 மி.மீ., மைஃபோர்டில் 15 மி.மீ.தான். மினியில் குமிழைத் திருகினால் வேகம் மாறிவிடும். மைஃபோர்டில் பெல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும், அப்படியும் நிமிடத்துக்கு 1000 சுற்றை எட்டாது. மைஃபோர்டின் சக் (கடையும் துண்டைக் கவ்விப் பிடிப்பது) ஸ்பிண்டிலில் மரையேற்றி மாட்டப்படுவது. அதனால் எதிர்த் திசையில் ஓட்டிக் கடைந்தால் சக் கழன்றுவிடும் பயம் உண்டு. மினியில் சக்கை போல்ட் போட்டு இறுக்குகிறோம், அந்தக் கவலை இல்லை.

ஆனால் டூலை உலோகத்துக்குள் செலுத்திப் பார்த்தால் கதை மாறிவிடும். மைஃபோர்டு அலட்டிக்கொள்ளாமல் வெட்டும் ஆழத்துக்கு மினி லேத் கிடுகிடுக்கிறது. காரணம் எடையும், ஸ்லைடுகளில், அதாவது டூலைத் தாங்கி நகரும் பகுதிகளில், இருக்கும் ஆட்டமும். எடையை நாம் கூட்ட முடியாது, ஆட்டத்தைக் குறைக்க முடியும். அதனால் ‘மேம்பாடு’ என்று யார் எதைச் சொன்னாலும், இது ஆட்டத்தைக் குறைக்குமா என்றுதான் முதலில் கேட்பேன்.

பழசு வாங்குபவருக்கு ஒரு சோதனை: சாடிலை (பெட்டின் மேல் நகர்ந்து டூலைச் சுமக்கும் பகுதி) சக்குக்கு அருகே கொண்டுபோய், அங்கே ஆட்டம் இல்லாதபடி கிப்பை (ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) இறுக்குங்கள். பிறகு எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். பாதி வழியில் இறுகி நின்றால், சக் பக்கத்துப் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் இதை மறைக்க முடியாது.

சரி, மினி லேத்தே வாங்கியாயிற்று. எல்லோரும் முதலில் வாங்கச் சொல்வது குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட், அதாவது டூலைச் சட்டென்று மாற்ற உதவும் தாங்கி. நானும் அதைத்தான் வாங்கினேன். கூடவே வந்த நான்கு முக டூல் போஸ்ட்டில், டூலின் முனை மையத்துக்கு வர அடியில் தகடு தகடாகச் சொருக வேண்டும். புதியதில் ஒரு நட்டைத் திருகினால் உயரம் சரியாகிவிடும். வேலை சுலபமானது உண்மை. ஆனால் வெட்டின் தரம் ஒரு இம்மி கூட உயரவில்லை. ஹோல்டருக்கு வெளியே டூல் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பதால், பார்ட்டிங் (கடைந்த துண்டை அறுத்துப் பிரிப்பது) செய்யும்போது அதிர்வு கூடியது என்றே சொல்வேன்.

இதற்குப் போட்டியாக நான் வைப்பது ஒரு இரும்புக் கட்டி. டூல் போஸ்ட்டுக்கு அடியில் இருக்கும், சாய்த்து வைக்கக்கூடிய காம்பவுண்டு ஸ்லைடை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு ஒரு திடமான கட்டியைக் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடின் மேல் போல்ட் போட்டு, அதன் மேல் டூல் போஸ்ட்டை உட்கார வைப்பது. இந்த இயந்திரத்தில் மிகவும் தளர்வான பகுதி அந்தக் காம்பவுண்டுதான். அது போனதும் பார்ட்டிங் டூல் கத்துவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சின்னக் கூம்பு கடையவோ, சாய்வாக இறக்கி மரை வெட்டவோ காம்பவுண்டைத் திரும்ப மாட்ட வேண்டும், அது ஒன்றுதான் இழப்பு. கட்டியை அந்த லேத்திலேயே செய்துகொள்ளலாம் என்பது கூடுதல் சுகம்.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, சாடிலுக்கு அடியில் இருக்கும் பிடிப்புத் தகடுகளைச் சரிசெய்வது. டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துவிட்டு சாடிலைக் கையால் தூக்கிப் பாருங்கள், முள் ஆடுவது தெரியும். தள்ளும் திருகுகளை நம்பாமல், சரியான தடிமனில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து இறுக்குவதுதான் நிலைக்கும். ஒரு மாலை நேர வேலை, செலவு என்று எதுவும் இல்லை. நான் இதை மூன்றாவதாகச் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது பலர் சண்டை போடும் விஷயம்: டூலின் முனை கார்பைடா, ஹைஸ்பீடு ஸ்டீலா? 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால், லேத் சுமார் 380 சுற்றில் ஓட வேண்டும். கார்பைடுக்கு 120 மீட்டர் என்றால் சுமார் 1500 சுற்று. அந்தச் சுற்றை மினி லேத் தரும். ஆனால் சாதாரணக் கார்பைடு முனை எதிர்பார்க்கும் ஆழத்தையும் அழுத்தத்தையும் தராது. முனையின் வளைவு ஆரம் 0.4 மி.மீ. இருக்க, நாம் 0.05 மி.மீ. சீவப் போனால் அது வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போகும். நன்றாகச் சாணை பிடித்த ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் அந்த 0.05-ஐ முடி போன்ற சுருளாக எடுத்துத் தரும்.

சாணை பிடிக்கத் தெரியாதே என்பதுதான் பலரின் தயக்கம். நான் முதலில் பிடித்த மூன்று டூல்களும் விறகு பிளக்கக்கூட உதவாதவை. நாலாவது வெட்டியது. பிறகு பழகிவிட்டது. சாணையே வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: அலுமினியத்துக்கென்று விற்கும் சி.சி.ஜி.டி. வகைக் கார்பைடு முனைகள். கூர்மையாகத் தீட்டப்பட்டவை என்பதால் இரும்பிலும் மென்மையாக வெட்டும், ஆனால் சீக்கிரம் உடையும். கருகிய மேல்தோல், கடினமான போல்ட், வார்ப்பிரும்பின் புறப்பரப்பு இவற்றுக்கு மட்டும் நான் வழக்கமான கார்பைடை எடுப்பேன்.

மூன்று ஜா (கவ்வும் தாடை) சக்கா, நான்கு ஜாவா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மூன்று ஜா சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை மைய விலகல் இருப்பது சகஜம். தனித்தனியாக நகரும் நான்கு ஜாவில் டயல் கேஜ் வைத்து 0.01-க்குக் கொண்டுவரலாம், பழகிவிட்டால் சில நிமிடங்கள்தான். உருண்டைக் கம்பி மட்டுமே அதிகம் கடைபவருக்கு ஈ.ஆர்.32 காலட் சக் (கம்பியைச் சுற்றிலும் கவ்வுவது) நல்லது, விரல்களுக்கும் ஆபத்து குறைவு.

பேரிங் மாற்றுவது பற்றி ஆர்வக்கோளாறு வேண்டாம். பல மினி லேத்களில் ஸ்பிண்டிலைத் தாங்குவது 6206 பால் பேரிங். 30206 டேப்பர் ரோலர் போட விரும்புவோர் அது 1.25 மி.மீ. தடிமன் கூடியது என்பதை மறந்துவிடுகிறார்கள், ஸ்பேசரைக் குறைக்க வேண்டிவரும். 7206 ஆங்குலர் கான்டாக்ட் என்றால் அதே அளவு, அப்படியே உட்காரும். எப்படியானாலும் ஸ்லைடுகளைச் சரிசெய்யாமல் இதில் கை வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

டிஜிட்டல் ரீட்அவுட் (ஸ்லைடு நகர்வைத் திரையில் எண்ணாகக் காட்டுவது) வசதிதான், வாங்க முடிந்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் கியர்களுக்குப் பதில் உலோகக் கியர் போடுவதில்தான் எனக்குத் தயக்கம். டூல் எங்காவது சிக்கினால் இன்று உடைவது ஒரு பிளாஸ்டிக் கியர். அதை இரும்பாக்கிவிட்டால் அந்த அடி வேறெங்கு போய் இறங்கும் என்று யோசித்து, இரண்டு உதிரிக் கியர்களை வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றை ஏற்கெனவே மாட்டியாயிற்று.