ஒரே பெரிய நிலையமா, வீட்டுக்கு வீடு பீப்பாயா?

இலங்கை மலையக நகரங்களின் குப்பையில் பெரும்பங்கு மரக்கறிக் கழிவும் சோற்று மிச்சமும்தான். அதை எங்கே மக்கவைப்பது?

நகருக்கு ஒரே கூட்டெரு நிலையம் என்றால் சபைக்கு மேற்பார்வை எளிது. சந்தைக் கழிவுக்கு வேறு போக்கிடமும் இல்லை. ஆனால் சமதரைக்கு எங்கே போவது? கண்டியின் கொஹாகொடை குப்பைமேடு மகாவலி ஆற்றுக்கருகில்தான் இருக்கிறது. கூரையில்லாவிட்டால் தென்மேற்குப் பருவமழையில் குவியல் ஊறி, காற்றுப் புகாமல் நாறும். 2017இல் கொழும்புக்கருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பறித்தது, அதுவோ சமவெளி.

வீட்டிலேயே கழிவை மக்கவைக்கும் பீப்பாய்க்கு லொறி வேண்டாம். குளிரில் மெதுவாகத்தான் மக்கும். காய்ந்த இலையை இடையிடையே போட்டு மூடியை இறுக்கினால் காட்டுப்பன்றி கிளறாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் அதற்கும் இடமில்லை, லயத்துக்கொரு பொதுத் தொட்டிதான் சரிவரும்.

என் வாக்கு பீப்பாய்க்கே; சந்தைக்கு மட்டும் கூரையிட்ட சிறு நிலையம் போதும். பிளாஸ்டிக்குக்கு இரண்டுமே உதவாது.