சிவானந்தாவா, ஐயங்காரா, அஷ்டாங்கமா? வீட்டில் தனியாகத் தொடர எது சரிவரும்

யோகாவில் எந்த முறை நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குப் பழக்குகிறவர் ஊரை விட்டுப் போய்விட்டால் அடுத்த நாள் காலை என்ன செய்வீர்கள்? கொழும்பில் ஒரு வகுப்பு மூடினால் இன்னொன்று இருக்கும். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம்முடைய பக்கத்தில் ஒரு வகுப்பு பெரும்பாலும் ஒரே ஆளை நம்பித்தான் நடக்கிறது. அவருக்கு இடமாற்றம் வரும், வெளிநாட்டு விசா வரும், மாரியில் மண்டபத்துக்குள் வெள்ளம் வரும், வகுப்பு நின்றுவிடும். அதனால் வீட்டுச் சீமெந்துத் தரையில் தனியாகத் தொடர முடியுமா என்பதை வைத்தே நான் தெரிவு செய்தேன். சிவானந்தா முறையில் நிற்கிறேன், இந்த எழுத்தும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லாமே ஹத யோகம்தான். வளைவதும் மூச்சும் எல்லாவற்றிலும் உண்டு. வேகம், ஒழுங்கு, ஓய்வு இந்த மூன்றிலும்தான் பிரிகிறார்கள்.

அஷ்டாங்க வின்யாசமும் ஐயங்கார் முறையும் ஒரே குருவிடமிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்குப் பழக்கினார். பையன்களுக்கு ஏற்ற துள்ளலும் தாவலும் நிறைந்த அந்தப் பயிற்சியைப் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) தொடர்ந்து கொண்டுபோனார், அதுதான் இன்றைய அஷ்டாங்கம். பி.கே.எஸ். ஐயங்காரோ (1918–2014) மலேரியா, நெருப்புக் காய்ச்சல், காசநோய் என்று சிறுவயது முழுக்க வருத்தத்தில் கிடந்தவர், அவருடைய முறையில் அந்த அனுபவம் அப்படியே தெரிகிறது. பிற்காலத்தில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார் ஆளுக்கு ஏற்றபடி தனித்தனியாகப் பழக்கினார், மகன் தேசிகாச்சார் வளர்த்தது அந்த வழியை. ஒரே குரு, யார் எந்தக் காலத்தில் எந்த உடம்போடு போய் நின்றார்கள் என்பதால் மூன்று பாதை.

அஷ்டாங்கத்தில் ஒழுங்கு மாறாது. சூரிய நமஸ்காரம் இரண்டு வகையிலும் ஐந்தைந்து தடவை, பிறகு நின்று செய்பவை, இருந்து செய்பவை, கடைசியில் தலைகீழ் ஆசனங்கள். முதல் தொடரை முழுதாகச் செய்ய ஒன்றரை மணித்தியாலம் அளவில் எடுக்கும், கிழமைக்கு ஆறு நாள் செய்யச் சொல்வார்கள். மனப்பாடமாகிவிட்டால் ஆசிரியர் தேவையில்லை என்பதால் என் கேள்விக்கு இது நல்ல பதில்தான். ஆனால் ஆசனத்துக்கு ஆசனம் இடையில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்ற வேண்டும், சதுரங்க தண்டாசனம் அத்தனை தடவை வரும். நாள் முழுக்க மேசையில் இருந்து எழுதுகிற என் தோளும் மணிக்கட்டும் அதைத் தாங்கவில்லை. தொடரின் பாதிக்கு அப்பால் நான் போனதில்லை, ஆகவே முழுதும் செய்தவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். இன்னொன்று, பௌர்ணமியும் அமாவாசையும் அதில் ஓய்வு நாட்கள். இந்த நாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவசரமில்லாத ஒரு காலை கிடைப்பதே போயா லீவில்தான், அன்று பார்த்து பயிற்சி இல்லை. இருபது வயதுக் கால்பந்துக்காரப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பொத்துவில் பக்கம் அறுகம்பேயில் சுற்றுலாக்காரருக்காக நடப்பது பெரும்பாலும் இதன் தளர்ந்த வடிவமான வின்யாச வகுப்புகள். அலைச்சறுக்கு ஆடி இறுகிப்போன தோளுக்கும் இடுப்புக்கும் நல்ல இதம். சீசன் சித்திரை வைகாசியில் தொடங்கி ஐப்பசி அளவில் முடிய, வந்து பழக்குகிறவர்களும் போய்விடுவார்கள். அதோடு வின்யாசத்தில் ஒவ்வொரு நாளும் ஆசிரியர் புதிதாக ஒரு கோர்வை கட்டுவார், செய்யும்போது சந்தோஷமாக இருக்கும், வீட்டுக்கு வந்து திருப்பிச் செய்யப் பார்த்தால் எது முன்னே எது பின்னே என்று மனதில் நிற்காது. பொத்துவில்லிலேயே இருந்து ஆங்கிலத்தில் சொல்வதும் விளங்குமென்றால் போய்ப் பாருங்கள்.

அறையைச் சுமார் 40 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி இருபத்தாறு ஆசனம் செய்கிற பிக்ரம் முறை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நமக்கு மேலதிகச் சூடு தேவையே இல்லை. யின் யோகாவில் ஒரு நிலையில் மூன்று, ஐந்து நிமிடம் அப்படியே இருப்பார்கள். வீடியோ பார்த்து இரவில் செய்திருக்கிறேன், நித்திரை நன்றாக வந்தது, அதைத் தாண்டிச் சொல்லுமளவுக்குப் பழகவில்லை.

ஐயங்கார் முறை மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சென்னையில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் ஒரு வகுப்புக்குப் போனேன். ஒரு திரிகோணாசனத்திலேயே பாதம் எந்தப் பக்கம், முழங்கால் சில்லு எங்கே, விலா எப்படித் திரும்ப வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள், அதுவரை நான் கவனிக்காத தசையெல்லாம் அன்றுதான் வேலை செய்தது. பட்டி, கட்டை, கயிறு, கதிரை என்று துணைப் பொருட்களை வைத்து வளையாத உடம்பையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள். நம் வீட்டில் பட்டிக்குப் பதில் பழைய சாரம், பஞ்சணைக்குப் பதில் இறுக்கிச் சுருட்டிய பெட்சீட், கயிற்றுக்குப் பதில் சுவர் என்று பொருள் பிரச்சினையைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஆசிரியரின் கண். இந்த முறையின் உயிரே பார்த்துத் திருத்துவதில் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லாவிட்டால் நான் பிழையாகச் செய்வதை இன்னும் நுணுக்கமாகப் பிழையாகச் செய்துகொண்டிருப்பேன். முழங்கால் தேய்ந்த அம்மாமாருக்கும் நாரிப்பிடிப்பு உள்ளவர்களுக்கும் இதுதான் முதல் தெரிவு, பழகிய ஆசிரியர் கிடைத்தால்.

சரி, சிவானந்தா. பத்தமடையில் பிறந்து மலாயாவில் டாக்டராக வேலை செய்து, பிறகு துறவியாகி 1936இல் ரிஷிகேஷில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் (1887–1963) வழி இது. கல்லடி சிவானந்தா பள்ளிக்கூடத்தின் பெயர் இவருடையது என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அவர் வேறு, ராமகிருஷ்ண மிஷன் சிவானந்தர், காரைதீவு விபுலானந்த அடிகளுக்கு 1924இல் துறவு கொடுத்தவர். ஆனால் ரிஷிகேஷ்காரருக்கும் நம் கிழக்குக்கும் தொடர்பு உண்டு, அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1950களில் திருகோணமலையில் ஆசிரமம் நடத்தியவர். இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேற்கு நாடுகளுக்குப் போய்ப் பரப்பியதுதான் இன்று வகுப்புகளில் பழக்குகிற பன்னிரண்டு ஆசன ஒழுங்கு.

என்னை இதில் பிடித்து வைத்தது அந்த ஒழுங்குதான். மூச்சுப் பயிற்சி, சூரிய நமஸ்காரம், பிறகு தலைகீழ் நிலைகளான சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், அதன்பின் கழுத்தைப் பின்னால் வளைக்கிற மத்ஸ்யாசனம். அடுத்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனம், பின்னால் வளைகிற புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், பிறகு முதுகைத் திருகுகிற அர்த்த மத்ஸ்யேந்திராசனம், கையில் நிற்கிற காகாசனம், எழுந்து நின்று பாதஹஸ்தாசனம், திரிகோணாசனம். இதைப் பாடமாக்க வேண்டியதே இல்லை, ஹலாசனத்தில் மடங்கிய கழுத்து மத்ஸ்யாசனத்தைத் தானே கேட்கும், குனிந்த முதுகு நிமிர விரும்பும், வேலிக் கம்பிகள் போல ஒன்று அடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நேரமில்லாத நாளில் ஒவ்வொன்றிலும் இருக்கிற நேரத்தைக் குறைத்தால் அரை மணித்தியாலத்தில் அதே ஒழுங்கு முடியும், லீவு நாளில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு நீட்டலாம். எதையும் புதிதாக யோசிக்கத் தேவையில்லை. விடியப்புறம் எழும்பி இன்றைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டி வந்தால் அந்த நாள் போய்விட்டது என்று அர்த்தம், எனக்கு அப்படித்தான்.

அடுத்தது இடையிடையே வருகிற, மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனம். பலர் இதை நேரம் போக்குவது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். மூச்சும் இதயத் துடிப்பும் இறங்கிய பிறகுதான் அடுத்த ஆசனத்துக்குப் போகிறோம், அதனால் ஆனி ஆடி வெக்கையிலும் தலை சுற்றாமல் முடிக்க முடிகிறது, முடித்த பிறகு வேலைக்குப் போகவும் தெம்பு மிஞ்சுகிறது. வகுப்பு நின்ற பிறகும் நான் தொடர்ந்தது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறையும் இருக்கிறது. நின்று செய்கிற ஆசனங்கள் மிகக் குறைவு, காலுக்கும் சமநிலைக்கும் அது போதாது. வயது ஏற ஏற விழாமல் நிற்கத் தெரிவது பெரிய விசயம், ஆகவே வீரபத்ராசனம், விருக்ஷாசனம் இரண்டையும் சூரிய நமஸ்காரத்துக்குப் பிறகு நான் சேர்த்துக்கொள்கிறேன், ஐயங்கார் வகுப்பில் காட்டியபடி. சிவானந்தா முறையில் ஊறியவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரிய குறை, முதல் ஆசனமே சிரசாசனமாக இருப்பது. பிரஷர், கண் அழுத்த வருத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம், சர்வாங்காசனமும் ஹலாசனமும் அவர்களுக்கு வேண்டாம். கண் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலையைக் கீழே தொங்கவிடுகிற பாதஹஸ்தாசனமும் வேண்டாம். பிரஷர் இருந்தால் மூச்சை வேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதியையும் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இவை எதுவும் வேண்டாம், குப்புறப் படுத்துச் செய்பவையும் வேண்டாம், டாக்டரிடம் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். வருத்தம் உள்ள மற்றவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பச்சிமோத்தானாசனத்திலிருந்து தொடங்கலாம். வருத்தம் ஒன்றும் இல்லாதவர்களும் தலைகீழாக நிற்பதை மட்டும் வீடியோ பார்த்துப் பழக வேண்டாம், ஆசிரியர் ஊரில் இருக்கிற காலத்திலேயே அவர் பக்கத்தில் நிற்க, சுவரோரமாக அதைக் கற்றுக்கொண்டு விடுங்கள்.