கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: என் பேஸ்மெண்டுக்குள் கிடந்தது கிராவல் இல்லை

கோவில்பட்டிக்கு வெளியே மூன்று சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஹால் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், ஐந்து ரூபாய்க் காசு உள்ளே போகும். பாத்ரூம் கதவு ஐப்பசியில் இறுகப் பிடித்துக்கொள்ளும், சித்திரையில் தானாகவே சரியாகிவிடும். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் "புது வீடு சார், செட் ஆகும்" என்று பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். இரண்டு தடவை இப்படி.

போன கார்த்திகை மழையில் ஹால் நடுவே டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. உடைத்துப் பார்த்தால் தளத்துக்குக் கீழே முழுக்க நிரப்ப வேண்டிய கிராவல் (சரளை மண்) மேலே நாலு விரற்கடைக்குத்தான், அதற்குக் கீழே முழுக்க எங்கள் வானத்தில் (அஸ்திவாரக் குழியில்) தோண்டிய அதே கரிசல், ஈரத்தில் களி கிண்டிய மாதிரி மண்வெட்டியை விடவே மாட்டேன் என்கிறது. பில்லில் பதினோரு லோடு கிராவலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்!

இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கு வரம், தளத்துக்கு எமன். பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் மச்சான் அந்த மண்ணைச் சலித்து, பத்துப் பத்து கிராமாக ஒரு குழாயில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைத்தார். மண்ணெண்ணெயில் உப்பாமல் 10 மில்லி, தண்ணீரில் உப்பி 19, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் மண் பரிசோதனைக்கென்று தனியாகப் பணம் கொடுத்திருந்தேன். இப்போது அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தால் "செம்மண், ஐந்தடியில் சரள்" என்று இருக்கிறது. யாரோ ஒருவர் மனையின் ஜெராக்ஸ். கோடையில் எங்கள் மனை வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும், இதில் செம்மண்ணாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் முட்டாள்தனம், சரி.

அண்டர்ரீம் பைல் (அடியில் அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரம்) போடலாமா என்று காண்ட்ராக்டரிடம் அப்போதே கேட்டேன், "அதெல்லாம் பாலத்துக்கு சார்" என்றார். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அதை உருவாக்கியதே இந்த மாதிரி மண்ணுக்காகத்தான். ஈரம் ஏறி இறங்குகிற மேல்மண்ணைத் தாண்டி, குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் துளையைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். மேலே வரும் பீம் மண்ணில் உட்காராமல் 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், மண் உப்பினாலும் பீமைத் தூக்காது. நமக்கு நாலடி வானமும் சாதா ஃபூட்டிங்கும்தான்.

கட்டப் போகிறவர்கள் தோண்டிய கரிசலை முதலில் மனையை விட்டு ஏற்றி அனுப்புங்கள். கிராவல் லோடு வரும்போது வீட்டு ஆள் ஒருவராவது நின்று எண்ணட்டும்.

காண்ட்ராக்டர் இப்போது என் போனை எடுப்பதில்லை. பக்கத்துத் தெருவில்தான் அவருடைய அடுத்த வேலை நடக்கிறது, நேற்று அந்தப் பக்கம் போனேன். தோண்டிய கரிசல் மனை ஓரத்திலேயே குவிந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம்.