பிளஸ் டூ கணித ஆன்சர் கீ: எது எதற்கு உதவும், எங்கே கைவிடும்

மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கணிதத் தேர்வு மதியம் 1:15-க்கு முடியும். பொழுது சாய்வதற்குள் மாணவர் கைபேசியில் மூன்று வகை ஆன்சர் கீ வந்து சேர்ந்திருக்கும். ஒன்று, ஆசிரியர் யாரோ கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள். இரண்டு, டியூஷன் மையங்கள் தட்டச்சு செய்து வெளியிடும் பிடிஎஃப். மூன்று, வினாத்தாளை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டும் யூடியூப் காணொளி. சில நாள் கழித்து நான்காவதும் வரும்: விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக அரசுத் தேர்வுகள் இயக்ககம் தயாரிக்கும் விடைக்குறிப்பு.

இந்த நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். 'என் விடை இதோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு மதிப்பெண் போனதா, எவ்வளவு போனது?' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கீதான் நல்ல கீ. இறுதி விடையை மட்டும் அச்சடித்த கீ, எத்தனை வேகமாக வந்தாலும் எவ்வளவு அழகாக இருந்தாலும், கணிதத்துக்குப் பாதிதான் பயன்படும்.

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே சேரும்; இயற்பியலும் வேதியியலும் தலா 50 ஆகச் சுருங்கும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று போகும், இயற்பியலில் போனால் அரைதான். கணிதத் தேர்வன்று மாலை வீடுகளில் நடக்கும் கூட்டிக் கழிப்பு வெறும் ஆர்வக் கோளாறு இல்லை.

வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. மீதி 10 அகமதிப்பீடு. முதல் பகுதியில் ஒன் மார்க் 20. இரண்டாம் பகுதியில் 21 முதல் 30 வரை பத்தில் ஏழு, தலா இரண்டு மதிப்பெண், 30-வது கம்பல்சரி. மூன்றாம் பகுதியில் 31 முதல் 40 வரை பத்தில் ஏழு, தலா மூன்று, 40-வது கம்பல்சரி. நான்காம் பகுதியில் 41 முதல் 47 வரை ஏழு ஐந்து மதிப்பெண் வினாக்கள். இந்த ஏழுக்கும் 'அல்லது' உண்டு. ஆக, 14 வினாக்களை ஐந்து மதிப்பெண் பகுதியில் மட்டுமே ஒரு கீ போட்டுக் காட்ட வேண்டும். அவசரத்தில் வரும் கீகள் பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் சுலபமான பக்கத்தை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். 'அல்லது' பக்கத்தை எழுதிய பிள்ளைக்கு அந்தக் கீயில் ஒன்றும் இல்லை.

ஒன் மார்க்

இந்தப் பகுதிக்கு வாட்ஸ்அப் படமே போதும், ஒரு நிபந்தனையோடு. அ, ஆ, இ, ஈ என்ற குறியீட்டைப் பார்க்காதீர்கள், விடையின் மதிப்பைப் பாருங்கள். பாடநூலின் பயிற்சி வினாவே வந்திருந்தாலும் தெரிவுகளின் வரிசை வினாத்தாளில் மாறியிருக்கலாம். கைடைப் பார்த்துக் கீ எழுதுபவர் கைடில் உள்ள 'ஆ'வை அப்படியே இறக்கிவிட்டால் சரியாக எழுதியவர் தவறு என்று நினைத்து வருந்துவார். ஏ, பி என இரு வகை வினாத்தாள் வரும்போது குழப்பம் இன்னும் கூடும்; எந்த வகைக்கான கீ என்று மேலே குறிப்பிடாத படத்தை ஒதுக்கிவிடலாம்.

வினாத்தாளிலேயே இருக்கும் ஒரு வரியை மாணவர்களும் கீகளும் கவனிப்பதில்லை: குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். குறியீடு சரி, பக்கத்தில் எழுதிய விடை தவறு என்றால் அதிகாரபூர்வ விடைக்குறிப்பின்படி சுழியம்தான். விடைகளை ஒப்பிடும்போது 'நான் இ போட்டேன்' என்பதோடு நிற்காமல், இ-க்குப் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கீயே தவறும் இடங்களும் இருக்கின்றன. சைன் 2π/3-க்கு நேர்மாறு சைன் எடுத்தால் விடை 2π/3 அல்ல, π/3. முதன்மை மதிப்பு −π/2 முதல் π/2 வரைதான். கலப்பு எண்ணின் முதன்மை வீச்சைக் கேட்டால் 7π/6 ஏற்காது, −5π/6 என்றே வர வேண்டும். இந்த இரண்டு தலைப்பிலும் கீ சொல்வதும் நம் விடையும் வேறுபட்டால், கீயை நம்புவதற்கு முன் வீச்சகத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஒரே விடை, வேறு வேறு முகம்

பள்ளி வாசலில் கண் கலங்கி நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உண்மையில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். பிளஸ் டூ கணிதத்தில் ஒரே விடையைப் பல வடிவில் எழுத முடியும் என்பதுதான் காரணம். பத்தாம் வகுப்பில் இந்தத் தொல்லை குறைவு. இங்கே அத்தியாயத்துக்கு அத்தியாயம் உண்டு. நல்ல கீயும் சுமாரான கீயும் பிரியும் இடம் இதுதான்.

அணிகளில் எண்ணற்ற தீர்வுகள் வரும் கணக்கை எடுத்துக்கொள்வோம். மூன்று மாறிகளின் கூடுதல் 6. கெழுக்கள், அதாவது மாறிகளைப் பெருக்கும் எண்கள், 1, 2, 3 என்றால் கூடுதல் 14. 1, 4, 7 என்றால் 30. மூன்றாவது மாறியை டி என்று வைத்தவருக்கு விடை (டி − 2, 8 − 2டி, டி). முதல் மாறியை டி என்று வைத்தவருக்கு (டி, 4 − 2டி, டி + 2). பார்க்க இரண்டும் வேறு. இரண்டும் ஒரே தீர்வுத் தொகுப்பு. சோதிக்க ஒரு நிமிடம் போதும்: உங்கள் விடையில் டி-க்கு ஏதாவது இரண்டு மதிப்பு கொடுத்து, கிடைக்கும் எண்களை மூன்று சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் கீ என்ன சொன்னாலும் கவலை வேண்டாம்.

வெக்டரில் (1, 2, 3), (3, 5, 4) என்ற இரு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டைக் கேட்டால் ஒருவர் முதல் புள்ளியிலிருந்து எழுதுவார், அடுத்தவர் இரண்டாவதிலிருந்து. திசை வெக்டரை (2, 3, 1) என்றும் எழுதலாம், (−2, −3, −1) என்றும் எழுதலாம். தளத்தின் கார்ட்டீசியன் சமன்பாட்டில் பொதுக் காரணியை வகுக்காமல் விட்டவருக்குக் கெழுக்கள் எல்லாம் இரு மடங்காக இருக்கும். எதுவும் தவறில்லை.

வகைக்கெழுச் சமன்பாட்டில் வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். மாறிகளைப் பிரித்துத் தொகையிட்ட பிறகு ஒருவர் நேர்மாறு டேன் ஒய் = நேர்மாறு டேன் எக்ஸ் + மாறிலி என்று நிறுத்துவார். இன்னொருவர் அதையே (ஒய் − எக்ஸ்) = கே (1 + எக்ஸ் ஒய்) என்று கொண்டுபோவார். மக்கள்தொகைக் கணக்கில் 40 ஆண்டில் 3 லட்சம் 4 லட்சமாக உயர்ந்தால் 3,00,000 × (4/3)-இன் அடுக்கு டி/40 என்பது ஒரு விடை. அடுக்குக்குறி வடிவிலேயே விட்டு, மாறிலி (1/40) லாக் (4/3) என்று தனியாகக் குறிப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றே.

கூம்பு வளைவுகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. நடுவில் 10 மீட்டர் உயரமும் அடியில் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளையப் பாலம். மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி உயரம் என்ன? முனையை ஆதியாக வைத்தவருக்கு முதலில் 1.6 வரும், அதை 10-லிருந்து கழித்தால்தான் 8.4 மீட்டர். தரையை அச்சாக வைத்தவருக்கு 8.4 நேராக வந்துவிடும். சமன்பாடுகள் வேறு என்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் 1.6-இலேயே நிறுத்தியவருக்குக் கடைசிப் படி போய்விட்டது. இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் காணொளிகள் மிகக் குறைவு. காட்டுபவர்களைத் தாராளமாகப் பாராட்டலாம்.

வீத மாறுபாட்டுக் கணக்கில் கவனிக்க வேண்டியது கூட்டல், கழித்தல் குறி. 17 மீட்டர் ஏணியின் அடி சுவரிலிருந்து 8 மீட்டரில் இருக்கும்போது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விலகினால், உச்சி நகரும் வீதம் −8/3. 'வினாடிக்கு 8/3 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது' என்று சொற்களில் எழுதினாலும் சரி. 'கீழிறங்கும் வேகம் −8/3' என்று எழுதினால் மட்டும் கழித்தலை இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

மெய்யட்டவணையில் (ட்ரூத் டேபிள்) வரிசைகளின் ஒழுங்கு மாறினால் ஒன்றும் ஆகாது. இரு கடைசிப் பத்திகளும் ஒன்று என்று முடிவு வரி எழுதினோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டெப் மார்க்

தனியார் கீகளில் பெரிய குறை இங்கேதான். ஏணிக் கணக்கையே பார்ப்போம். பித்தாகரஸ் தொடர்பை எழுதி, நேரத்தைப் பொறுத்து வகையிட்டு, பிறகு உயரம் 15 என்று வர வேண்டிய இடத்தில் கணக்குப் பிழையால் 14 என்று எழுதிய மாணவருக்கு இறுதி விடை தவறு. அவர் 'அஞ்சு போச்சு' என்று கணக்குப் போடுவார். உண்மையில் தொடர்புக்கும் வகையிடலுக்கும் உரிய படிநிலை மதிப்பெண் அவருக்கு உண்டு. படிகளின் ஓரத்தில் மதிப்பெண் பிரிவைப் போடாத கீயால் இதைச் சொல்ல முடியாது. யூடியூப் காணொளிகளில் சில ஆசிரியர்கள் 'இதுவரை வந்திருந்தால் மூன்று' என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். விடைத்தாள் திருத்திப் பழகியவர் சொன்னால் அது பெரும்பாலும் நெருங்கியே இருக்கும், ஆனாலும் அது ஊகம்.

அதிகாரபூர்வ விடைக்குறிப்பு மற்ற மூன்றையும் விட மேலே நிற்பது இதனால்தான். அதன் பொதுக் குறிப்புகள் மாணவருக்குச் சாதகமானவை என்பது பலருக்கும் தெரிவதில்லை. பாடநூலில் இல்லாத முறையில் செய்திருந்தாலும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். தீர்வு முழுவதும் சரியென்றால் படிகளைப் பிரித்துப் பார்க்காமல் நேராக முழு மதிப்பெண் தர வேண்டும். படிநிலையை எடுப்பது ஒரு பகுதி தவறும்போது மட்டுமே. குறிப்பிட்ட சில படிகளில் கணக்கு தவறியிருந்தாலும் சரியான சூத்திரம் எழுதியிருந்தால் அதற்கென மதிப்பெண் உண்டு. வினாவிலேயே பிழை இருந்தால் முயன்றவருக்கு மதிப்பெண் தருவதா என்பதும் இங்கேதான் முடிவாகும். தேர்வன்றே 'இந்தக் கேள்விக்குப் போனஸ் உறுதி' என்று சொல்லும் கீயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதன் குறை நேரம். தேர்வு முடிந்த அன்று இது கிடைக்காது. திருத்தும் பணி நடக்கும் நாட்களில்தான் ஆசிரியர்கள் வழியாக வெளியே தெரிய வரும். விடைகளும் மிகச் சுருக்கமாக இருக்கும், விளக்கம் எதிர்பார்க்கக் கூடாது. திருத்துபவருக்காக எழுதப்பட்டது அது.

எப்படி ஒப்பிடுவது

வினாத்தாளில் அறைக்குள் எதுவும் எழுதக் கூடாது என்பதால் நினைவுதான் முதல். வெளியே வந்ததும், நண்பர்களிடம் பேசுவதற்கு முன், ஒன் மார்க் விடைகளை வினாத்தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பேசிய பிறகு எழுதினால் அடுத்தவர் விடை நம் நினைவில் கலந்துவிடும். இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் எந்தெந்த எண்ணை எழுதினோம், 'அல்லது'வில் எந்தப் பக்கம் என்பதை மட்டும் குறித்தால் போதும்.

இயற்பியலோ வேதியியலோ இன்னும் பாக்கி இருந்தால் அன்று ஒன் மார்க்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெடுவினாக்களைக் கடைசித் தேர்வு முடிந்த பின் பார்க்கலாம். அதற்குள் கீகளில் இருக்கும் அவசரப் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். அப்போது மூன்று பத்தி போடுங்கள்: விடையும் படிகளும் ஒத்தவை, வடிவம் மட்டும் வேறானவை, இறுதி விடை தவறியவை. இரண்டாவது பத்தியை மேலே சொன்ன மாதிரி பிரதியிட்டுச் சோதித்து முதலாவதுக்கு நகர்த்துங்கள். மூன்றாவதுக்குச் சுழியம் போடாமல், எந்தப் படிவரை சரி என்று மட்டும் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு முடிவு வந்த பிறகு வேலைக்கு ஆகும்.

ஸ்கேன் காப்பி: காசு கொடுக்கத் தகுந்த சேவை

எதிர்பார்த்த மதிப்பெண்ணுக்கும் வந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், எந்தக் கீயையும் விட அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விடைத்தாள் நகல் சேவை பயனுள்ளது. 2024-இல் பாடத்துக்கு 275 ரூபாய். நகல் வேண்டாம், கூட்டல் மட்டும் பார்த்தால் போதும் என்றால் ரீடோட்டலுக்குக் கணிதம் போன்ற பாடங்களில் 205 ரூபாய், உயிரியலுக்கு 305. ரீவேல்யூவேஷன் என்ற மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய், ஆனால் நகல் வாங்கியவர்கள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்க முடியும். முடிவு வந்தபின் விண்ணப்பிக்கத் தருவது சில நாட்களே; தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும்.

வேறுபாடு பெரிது என்றால் நகலே வாங்குங்கள். நகல் கையில் வந்ததும் முதலில் முகப்புப் பக்கத்துக் கூட்டல். அடுத்து, உள்ளே ஒவ்வொரு விடைக்கும் இட்ட மதிப்பெண் முகப்பில் ஏறியிருக்கிறதா. பிறகு திருத்தப்படாமல் விட்ட விடை ஏதும் உண்டா. கூடுதல் தாளில் தொடர்ந்த விடைகளையும், வினா எண் மாற்றி எழுதியவற்றையும் குறிப்பாகப் பாருங்கள். இவற்றில் குறை என்றால் ரீடோட்டல் போதும், 505 ரூபாய் தேவையில்லை. படிநிலை மதிப்பெண் குறைந்திருக்கிறது, அல்லது வேறு முறையில் செய்த சரியான விடை அடிக்கப்பட்டிருக்கிறது என்றால் மட்டுமே ரீவேல்யூவேஷன். அதற்கு முன் பள்ளிக் கணித ஆசிரியரை அதிகாரபூர்வ விடைக்குறிப்போடு உட்காரவைத்து வரிக்கு வரி பார்க்கச் சொல்லுங்கள். மறுமதிப்பீட்டில் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். மூன்று மதிப்பெண்ணாவது கூடும் என்று ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் விண்ணப்பிக்கலாம். சென்டத்துக்கு, அதாவது நூற்றுக்கு நூறுக்கு, ஒன்று குறைந்தவர்கள் அந்த ஒரு மதிப்பெண் எந்த வினாவின் எந்தப் படியில் போனது என்று நகலில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம்.