இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்: இடிந்த கட்டிடங்களுக்குள் எப்படி வேலை செய்கிறது?

இல்ஃபோர்டின் கறுப்பு-வெள்ளை ஃபிலிமான எச்பி5 பிளஸைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை, படம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது, கறுப்பு ஆழமாக விழவில்லை என்பது. குறை நியாயமானதுதான். ஆனால் கூரை பிய்ந்த ஆலை, கதவு பெயர்ந்த குடியிருப்பு, கைவிடப்பட்ட பணிமனை என்று உள்ளே நுழைந்துவிட்டால், அந்தக் குறைக்காகவே இதை வாங்கலாம். இருண்ட மூலைக்கும் சன்னலுக்கும் நடுவே 10 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) வித்தியாசம் இருப்பது அங்கே சாதாரணம். கான்ட்ராஸ்ட் தூக்கலான ஃபிலிம் இரண்டில் ஒன்றைத் தின்றுவிடும். இது வெளிச்சப் பகுதிகளை மெதுவாக அடக்குவதால், சன்னல் விளிம்பில் உரிந்து தொங்கும் பெயின்ட் சுருள் நெகட்டிவில் மிஞ்சுகிறது.

1989 முதல் விற்பனையில் இருக்கும் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் இது. 35 மி.மீ., 120 (அகலமான ரோல்), ஷீட் (தனித்தாள்) ஆகிய வடிவங்களில் வருகிறது. 30.5 மீட்டர் மொத்தச் சுருளாக வாங்கி நாமே நிரப்பினால் சுமார் 18 ரோல் தேறும். ஆனால் ஃபிலிமைச் சுருட்டி வைக்கும் பழைய கேசட்டின் வாயில் ஒட்டியிருக்கும் வெல்வெட்டில் ஒரு சுண்ணாம்புத் துணுக்கு சிக்கினாலும் போதும், ரோல் முழுக்க நேர்கோட்டுக் கீறல் விழும். இடிபாடுகளில் தூசிக்குப் பஞ்சமில்லை என்பதால், இந்த வேலைக்கு மட்டும் புது கேசட்டே மேல்.

ஒளியளவு எடுப்பதில்தான் பலருக்குச் சறுக்கல். அறை முழுவதையும் சராசரியாக அளந்தால் சன்னல் மீட்டரை ஏமாற்றி, அறை மையிருட்டாகிவிடும். எந்த இருட்டில் காரையின் சொரசொரப்பு தெரியவேண்டுமோ, அதை மட்டும், சிறு இடத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளக்கவேண்டும். மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். அதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தால் இருட்டு இருட்டாகவும் இருக்கும், விவரமும் தங்கும். படிக்கட்டின் அடிப்பகுதி எஃப்/8-இல் கால் விநாடி காட்டினால், வைக்கவேண்டியது 1/15.

அடுத்து, விவரம் வேண்டிய மிக வெளிச்சமான இடத்தை அளக்கவேண்டும். இரண்டு அளவுகளுக்கும் 5 ஸ்டாப் வித்தியாசம் என்றால் வழக்கமான டெவலப்பிங் போதும்: ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவை (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரி செல்சியஸ், 13 நிமிடம். வித்தியாசம் 6 ஸ்டாப் ஆனால் மீட்டரை 250 ஐஎஸ்ஓ-வில் வைத்து எடுத்து, நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 10½ நிமிடத்தில் நிறுத்தலாம். அதற்கும் மேலே போனால் சன்னல் வெளுப்பதை ஏற்றுக்கொள்வதே நல்லது. டெவலப்பிங்கை இன்னும் குறைத்தால் நடுச் சாயல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுவரே களிமண்ணாகத் தெரியும்.

நீண்ட எக்ஸ்போஷரில் இந்த ஃபிலிம் சோம்பேறி. மீட்டர் காட்டும் விநாடியை 1.31 என்ற அடுக்குக்குறிக்கு (பவர்) உயர்த்தச் சொல்கிறது இல்ஃபோர்டு. 4 விநாடி 6 ஆகும், 10 விநாடி 20 ஆகும், 30 விநாடி 86 ஆகும், ஒரு நிமிடம் மூன்றரை நிமிடத்தைத் தாண்டும். நிலவறைப் படங்கள் மொட்டையாக வருவதற்குப் பெரும்பாலும் இந்தத் திருத்தத்தை விட்டுவிடுவதே காரணம். மட்கிய பலகைத் தளத்தில் ட்ரைபாட் வைத்தால், ஷட்டர் மூடும்வரை காலை அசைக்கவே கூடாது. தளம் அதிர்ந்தால் கேமராவும் அதிரும்.

வெளியே வந்தால் கதை மாறுகிறது. மேகமூட்டத்தில் ஒரு சுவரை நேருக்கு நேர் எடுத்தால் எச்பி5 பிளஸ் உண்மையிலேயே சப்பென்றுதான் இருக்கும். 800-க்குத் தள்ளி எடுத்து (மீட்டரை 800 ஐஎஸ்ஓ-வில் வைத்துக் குறைந்த ஒளியில் எடுத்து, டெவலப்பிங்கைக் கூட்டுவது), ஐடி-11 நேர்க் கரைசலில் (தண்ணீர் கலக்காமல்) 10½ நிமிடமோ, மைக்ரோஃபென் டெவலப்பரில் 8 நிமிடமோ டெவலப் செய்தால் முறுக்கு ஏறும். இப்படித் தள்ளுவதால் நிழலுக்குப் புதிதாக விவரம் கிடைக்காது. வெளிச்சப் பகுதிதான் மேலே போகும், நிழல் கறுத்துக் கிடக்கும். முரட்டுத்தனமான படம் வேண்டுமென்றால் நல்லதுதான்.

தள்ளுவதைவிடப் புத்திசாலித்தனமான வழி ஃபில்டர். சிதைந்த கட்டிடத்தில் நம் கண்ணைக் கவர்வது பாதி நேரம் வண்ணம்: சிவந்த செங்கல், துருவேறிய உத்திரம், அதன்மேல் படரும் பச்சை. வண்ணத்தை எடுத்துவிட்டால் மூன்றும் ஏறத்தாழ ஒரே சாம்பல். சிவப்பு ஃபில்டர் போட்டால் செங்கலும் துருவும் வெளுக்கும், கொடி கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் அப்படியே தலைகீழ்: இலை ஒளிரும், துரு கனத்துத் தெரியும். செடி கட்டிடத்தை விழுங்கும் உணர்வு வேண்டுமென்றால் பச்சை ஃபில்டர்தான். ஆனால் ஏனோ எல்லோரும் சிவப்பையே பையில் வைத்திருக்கிறார்கள்.

தெளிந்த வானத்தின்கீழ் நிழலுக்கு வரும் வெளிச்சம் நீலம் கலந்தது. சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தையும் வெட்டுவதால், வாசல்களும் சன்னல் குழிகளும் அடியற்ற கறுப்பாகிவிடும். வெறுமையைக் காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் வானம் வெண்மேகமாக இருந்தால் எந்தச் சிவப்பும் அதைக் கறுக்கவைக்காது. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்குச் சுமார் இரண்டு, அடர்சிவப்புக்கு மூன்று என்று கூட்டவேண்டும். சிவப்போடு 400 ஐஎஸ்ஓ நடைமுறையில் 50 ஆகிவிடும். கேமராவின் உள்மீட்டர் சிவப்பு வழியே தப்பாகப் படிக்கக்கூடும் என்பதால், ஃபில்டர் இல்லாமல் அளந்து கணக்குப் போடுவது பத்திரம்.

ஆனால் எந்த ஃபிலிமும் சட்டகத்தை அமைத்துத் தராது. பிரகாசமான சன்னல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றால் பார்வை அதன் வழியாக வெளியே ஓடிவிடும். ஒன்று முழுதாக உள்ளே வேண்டும், இல்லையென்றால் ஒரு தூணின் பின்னால் மறைய வேண்டும். மறைத்தால் லென்ஸில் ஒளிச்சிதறலும் குறைந்து, கறுப்பு தெளியும். 24 மி.மீ. லென்ஸில் கால்வாசிப் படம் வெறும் தரையாகிவிடும். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸை வைத்துப் பின்னால் நகர்வதே பலன் தரும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்நோக்கிச் சரியும். ஏற்கெனவே சாய்ந்த சுவர் இருக்கும் இடத்தில் இது கெடுதல்: எது கட்டிடத்தின் சாய்வு, எது லென்ஸின் சாய்வு என்று பார்ப்பவருக்குப் புரியாது. தொழிற்சாலைக் கட்டுமானங்களைப் படமெடுத்த பெர்ன்ட், ஹில்லா பெக்கர் இணையர் மேகமூட்ட வெளிச்சத்தையும் நிமிர்ந்த கோடுகளையுமே நம்பினார்கள். சோகத்தைத் திணிக்காத படம் வேண்டுமென்றால் அந்த வழி. உரிந்த பரப்புதான் விஷயம் என்றால் சுவரை உரசிக்கொண்டு வரும் பக்கவாட்டு வெயில் வேண்டும்.

கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் ஃபிலிமின் மணிமணியான சொரசொரப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. வானத்தில் தெரியும் கிரெய்ன் உறுத்தாது. பொடிந்த காரையில்தான் சிக்கல். காரையின் மணலும் ஃபிலிமின் மணியும் ஒரே அளவில் கலந்து, 35 மி.மீ. நெகட்டிவைப் பெரிதாக்கும்போது சுவர் கூழாகிறது. பரந்த சுவர்களுக்கு 120 எடுப்பது நல்லது.

டெவலப் செய்யும்போது டாங்கை நிமிடத்துக்கு நான்கு முறை, 10 விநாடிக்குள் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். அடித்துக் குலுக்கினால் பல்துளை ஓரங்களில் வெளிர்ப்பட்டை விழும், சமமான வானத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். ஸ்கேனரில் அகச்சிவப்புத் தூசிநீக்கியை அணைத்துவிட வேண்டும். வெள்ளிமணிகள் அகச்சிவப்பைத் தடுப்பதால் அது படத்தையே தூசி என்று எண்ணிச் சிதைக்கும்.

மாற்று என்று பார்த்தால், இல்ஃபோர்டின் டெல்டா 400 ஃபிலிமில் கிரெய்ன் மென்மை, ஆனால் அளவு தவறினால் மன்னிக்காது. மேகமூட்டத்தில் வெளிச்சுவர் எடுக்க அதே நிறுவனத்தின் எஃப்பி4 பிளஸ்தான் என் தேர்வு. சாயல்கள் நன்றாகப் பிரிகின்றன. உள்ளறைக்கு அதன் 125 ஐஎஸ்ஓ கட்டுப்படியாகாது: எச்பி5 பிளஸ் திருத்தத்தோடு 20 விநாடியில் முடிக்கும் படத்துக்கு அது 80 விநாடி கேட்கும்.