ராமேஸ்வரம் தீவை ஒரே நாளில் சுற்ற: ஊர் வேனா, உள்ளூர் ஆட்டோவா, ஷேர் டூரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராமேஸ்வரம் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது வேன் வாடகை. கேட்க வேண்டியது வேறு: ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர் எப்போது தூங்குவார்?

தருமபுரியிலிருந்து சேலம், கரூர், மதுரை, பரமக்குடி வழியாக சுமார் 470 கி.மீ. கிருஷ்ணகிரி என்றால் இன்னும் 50 சேரும். இரவு 8 மணிக்குக் கிளம்பினால் விடியற்காலையில் பாம்பன் பாலம். அதன் பிறகு பொழுதைப் பிடித்துவைத்திருப்பவை இரண்டு கதவுகள். ராமநாதசுவாமி கோயில் நடை மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறக்கும். தனுஷ்கோடிச் சாலையில் சாயங்காலத்துக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். எந்த வண்டி நல்லது என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் வேன்

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு விழும் செலவு இதில்தான் குறைவு. சமையல் சாமானோடு கிளம்பலாம், வயதானவர்களுக்குக் கால் நீட்ட இடம் இருக்கும். சிக்கல் தீவுக்குள் போனதும் ஆரம்பிக்கும். பெரிய வண்டிகள் ரத வீதிகளுக்குள் போக முடியாது. பார்க்கிங்கில் விட்டுவிட்டு ஆட்டோவிலோ நடந்தோ வர வேண்டும். அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறும் ஆடிய பிறகுதான் பலருக்கு நினைவு வரும், மாற்றுத்துணி வேனிலேயே இருக்கிறது என்று. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். ஒரு ஆள் துணிப் பைகளுக்குக் காவலாக வெளியே இருக்கட்டும், மற்றவர்கள் வந்ததும் அவர் தீர்த்தம் ஆடட்டும். செல்போனுக்கும் உள்ளே அனுமதி இல்லை.

ஓசூர்ப் பக்கத்தவர்கள் வாடகை குறைவு என்று கர்நாடகப் பதிவு வண்டி பேசினால், தமிழ்நாட்டுப் பெர்மிட், வரி ரசீது இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

உள்ளூர் ஆட்டோ

இரண்டு மூன்று பேருக்கு இதுவே போதும். ராமர் பாதம் என்கிற கந்தமாதன பர்வதம், பஞ்சமுக ஆஞ்சநேயர், லட்சுமண தீர்த்தம், பேக்கரும்பு கலாம் நினைவிடம் எல்லாம் அரை நாள் சுற்று. தனுஷ்கோடிக்கும் ஆட்டோ போகும். ஆனால் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை, கோயிலிலிருந்து சுமார் 20 கி.மீ., கடைசிப் பகுதி முழுக்கத் திறந்த வெளி. எதிர்க்காற்றும் மணலும் முகத்தில் அடிக்கும். கைக்குழந்தை இருந்தால் வேண்டாம்.

பேரம் பேசும்போது "எல்லா இடமும்" என்று பேசாதீர்கள். இடங்களைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். அரிச்சல்முனை வரையா, கோதண்டராமர் கோயிலோடு திரும்புவதா, அங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும். தகராறு வருவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்.

ஷேர் டூர் வேன், வழிகாட்டியோடு

பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கானது. மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் தருமபுரியில் ஏறினால் காலையில் மதுரை, அங்கிருந்து இன்னும் 170 கி.மீ. (கிருஷ்ணகிரிக்காரர்கள் அதற்கும் ஓசூரோ தருமபுரியோ வந்துதான் ஏற வேண்டும், அந்தக் கதை தனி.) அன்றைக்குக் காலைத் தீர்த்தம் கிடைக்காது என்பதால் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் வேனில் சேர்வதே சரி.

வழிகாட்டி கொடுக்கிற காசுக்கு உண்மையாகவே உதவும் இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊரில் சர்ச், ரயில் நிலையம் என்று எந்தச் சுவர் எதுவென்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெறும் இடிபாடாகத்தான் தெரியும். அரிச்சல்முனையில் எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதையும் அவர் சொல்வார். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும், மழைக்காலத்தில் மறுபக்கம். நீரோட்டம் இழுக்கும் இடம் அது; குளிக்கவே வேண்டாம்.

கோயிலுக்குள் வழிகாட்டி தேவையே இல்லை. 22 தீர்த்தத்துக்கும் கோயில் கவுண்டரில் 25 ரூபாய் டிக்கெட். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்றுச் சுவரில் நிற்பவர் வாளியில் இறைத்து வரிசையாக ஊற்றிக்கொண்டே வருவார்; பின்னால் நிற்பவருக்குத் தெறிப்புதான் கிடைக்கும், ஒட்டி நில்லுங்கள். காட்டன் புடவை நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், கல் தரையோ வழுக்கும். சாதாரண நாளில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

ஷேர் வேனின் பலவீனம் கூட வருகிற ஆட்கள். ஒரு குடும்பம் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தால் மீதிப் பேருக்கு ஒரு மணி நேரம் போச்சு. சங்கு, பாசிக் கடைகளில் வண்டி நிற்பதும் உண்டு. அங்கே பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி எது கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கள் கணக்கு

பெரிய குடும்பத்துக்கு ஊர் வேனும் ஆட்டோவும் கலந்தே எடுக்கச் சொல்வோம். காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம், பிறகு அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், துணி மாற்றிச் சுவாமி தரிசனம். பத்து மணிக்குள் முடியும். பத்து முதல் ஒரு மணி வரை ஆட்டோவில் ராமர் பாதமும் கலாம் நினைவிடமும். இவ்வளவு நேரமும் டிரைவர் தூங்குகிறார். அவருக்கு ஒரு ரூம் போடும் செலவைப் பார்க்காதீர்கள். 2 மணிக்கு மேல் வேனில் தனுஷ்கோடி, 5 மணிக்குள் வெளியே. திரும்பும் வழியில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தை இறங்கி நின்று பார்க்க ஆசை வரும். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டும், தாண்டிப் போய் ஓரங்கட்டுங்கள்.

மூன்றே பேர் என்றால் தங்கிவிட்டு, காலையில் கோயிலைத் தனியாக முடித்துக்கொண்டு, தனுஷ்கோடிக்கு மட்டும் மதிய ஷேர் வேன். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் இந்த நேரக்கணக்கு எதுவும் நிற்காது. தீர்த்த வரிசையே பாதி நாளை எடுத்துக்கொள்ளும், தனுஷ்கோடியை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.