தீவோடும் கோபுரத்தோடும் 15 ஆண்டுகள்

ஒரு தொலைக்காட்சித் தொடரையும் ஒரு புத்தக வரிசையையும் 15 ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பார்த்தும் படித்தும் வருகிறேன். தொடர், விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிய ‘லாஸ்ட்’. புத்தகங்கள், ஒரு கோபுரத்தைத் தேடிப் போகும் துப்பாக்கி வீரனைப் பற்றிய ஸ்டீபன் கிங்கின் ‘டார்க் டவர்’. தொடரை முழுதாக மூன்று முறை பார்த்தாயிற்று. புத்தகங்களில் இப்போது மூன்றாவது சுற்று, நான்காம் பாகத்தில் இருக்கிறேன். இரண்டின் முடிவையும் தொட்டுத்தான் எழுதப்போகிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, முடித்த பிறகு வாருங்கள்.

தொடர்தான் முதலில் வந்தது. 2010 மே மாதம் கடைசிப் பகுதி ஒளிபரப்பானபோது நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். முடிவைப் பார்த்தவர்கள் எல்லாரும் கொதித்துப்போயிருந்தார்கள். “ஆறு வருஷம் பார்த்தோம், கடைசியில எல்லாரும் முதல் நாளே செத்துட்டாங்களாம்” என்று கேன்டீனில் ஒரு அண்ணன் மேசையைத் தட்டிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அது அப்படி இல்லை. தீவில் நடந்தது அத்தனையும் உண்மையாகவே நடந்தது என்று கடைசிக் காட்சியில் கதாநாயகன் ஜாக்கின் அப்பாவே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அன்றைக்கு எனக்கும் மனது ஆறவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்ற ஏக்கம்.

அடுத்த வருடம் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கூரை வரை அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே ‘டார்க் டவர்’ இரண்டாம் பாகம் கிடைத்தது, எட்டு வெள்ளி (ரிங்கிட்). முதல் பாகம் இல்லை. “இத எடுத்துட்டுப் போம்மா, முதல் பாகம் வந்தா வாங்கி வைக்கிறேன்” என்றார் கடைக்கார பாய். அப்படித்தான் நான் இரண்டாம் பாகத்தில் தொடங்கினேன். முறைப்படி முதல் பாகத்திலிருந்து போயிருந்தால் தொடருக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

ஏனென்றால் இரண்டாம் பாகம் ஒரு கடற்கரையில் தொடங்குகிறது. ரோலண்ட் என்ற துப்பாக்கி வீரன், தன் உலகத்தின் கடைசி வீரன், அலை ஓரத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். சிங்கி இறால் போன்ற ஒரு கடல் பிராணி அவன் வலது கையில் இரண்டு விரலைக் கடித்துப் போய்விட்டது. காய்ச்சலோடு நடக்கிறான். மணலில் ஒரு கதவு நிற்கிறது, சுவர் இல்லாமல், வெறும் கதவு. திறந்தால் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருக்கும் விமானம். அதில் எடி என்ற இளைஞன், ஹெராயின் பழக்கத்துக்கு அடிமை, உடம்பில் கொகெய்ன் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வருகிறான். பணிப்பெண்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான், வெளியே கதவைத் தட்டுகிறார்கள். தொழிற்சாலை பஸ்ஸில், பாலத்து விளக்குகள் பக்கத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்க, இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். ‘லாஸ்ட்’ முதல் கதையில் சார்லி இதைத்தானே செய்கிறான்? விமானம், ஹெராயின், பின்னால் வரும் பணியாளர்கள், கழிவறைக் கதவு. அப்புறம் கடற்கரை. புத்தகம் 1987, தொடர் 2004.

எடிக்கு அடுத்து வருபவள் ரயிலில் இரண்டு காலையும் இழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பெண். அவள்தான் பிறகு சுசான்னா ஆகிறாள். தொடரில், தீவில் சிக்கியவர்களில் ஒருவரான ஜான் லாக்கும் தீவுக்கு வரும் முன் சக்கர நாற்காலிக்காரர், அதை நான்காவது பகுதியின் கடைசி நிமிடம் வரை நமக்குச் சொல்லமாட்டார்கள். பாழடைந்த பழைய தொழில்நுட்பம், பெயர் மட்டும் மிஞ்சிய நிறுவனங்கள், காட்டில் இருக்கக்கூடாத கரடி, திரும்பத் திரும்ப வரும் எண்கள், கறுப்பு உடை மனிதன், கூடவே ஓடிவரும் ஒரு பிராணி: இப்படி எண்ணிக்கொண்டே போகலாம். முதல் இரண்டு வருடம் நான் ஒரு நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்தேன். தற்செயல் என்று சொல்லவும் முடியாது. தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் கிங்கின் தீவிர வாசகர்கள், அதை வெளிப்படையாகச் சொன்னவர்கள். 2007-இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸும் லிண்டலாஃபும் ‘டார்க் டவர்’ படமாக்கும் உரிமையை வாங்கினார்கள், விலை 19 டாலர். அந்த வரிசையில் 19 ஒரு மந்திர எண், அதனால்தான் அந்த விலை. கடைசியில் அவர்கள் அதை எடுக்கவில்லை. இன்னொன்று: ஏழாம் பாகம் வெளியானது 2004 செப்டம்பர் 21. ‘லாஸ்ட்’ முதல் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது செப்டம்பர் 22. ஒன்று முடிந்த மறுநாள் மற்றது தொடங்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஆனால் 15 ஆண்டுகளில் அந்த நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. மனதில் நின்றது வேறு.

தொடரின் இரண்டாவது பருவத்தில் டெஸ்மண்ட் தரைக்கடியில் ஓர் அறையில் இருக்கிறான். 108 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு எண்களைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 4, 8, 15, 16, 23, 42. கூட்டினால் 108. நமக்கு 108 என்றாலே போற்றியும் தைப்பூசத் தேங்காயும்தான் நினைவுக்கு வரும், அதனால் அந்த எண் திரையில் வந்ததுமே மனது தானாக நிமிர்ந்துவிட்டது. அழுத்தாவிட்டால் உலகமே அழியும் என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையா பொய்யா, அவனுக்கே தெரியாது. மூன்று வருடமாக அழுத்துகிறான். அப்போது என் வேலை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவன் வெப்பநிலையைப் பார்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த அட்டையை யாராவது படிக்கிறார்களா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அதிகாலை நாலு மணிக்கு, கண் எரிச்சலோடு, பேனாவை எடுக்கும்போது டெஸ்மண்டின் முகம் வரும்.

கிங் இதையே தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறார். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்பது அந்தக் கோபுரம். அதைத் தாங்கும் ஒளிக்கற்றைகளை மன வலிமையால் உடைப்பதற்கென்று ஆட்களை ஓர் ஊரில் கூட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல அறை, பொழுதுபோக்கு. அவர்களும் தினமும் வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். இங்கே ஒருவன் உலகத்தைக் காக்க வேலை பார்க்கிறான், அங்கே பலர் அதை உடைக்க வேலை பார்க்கிறார்கள். இரண்டிலும் வேலை ஒரே மாதிரி அலுப்பானதுதான். வேறு எந்தக் கதையும் எனக்கு இதை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து காட்டியதில்லை.

அடுத்தது விழுதல். முதல் பாகத்தில் மலைக்குள் ஒரு பழைய ரயில் பாலம் உடைகிறது. ஜேக் என்ற சிறுவன் தொங்குகிறான். கையைக் கொடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் கோபுரத்துக்கு வழி சொல்லும் ஆள் தப்பிவிடுவான். ரோலண்ட் பையனை விட்டுவிடுகிறான். ‘லாஸ்ட்’டில் லாக், பூன் என்ற இளைஞனை உயரத்தில் சிக்கிய சிறு விமானத்துக்குள் ஏறச் சொல்கிறார். அது விழுகிறது, அவன் சாகிறான். தீவு கேட்ட பலி என்கிறார் லாக். லட்சியம் உள்ளவர்களைப் பற்றி எனக்கு இருந்த மரியாதையை இந்த இரண்டு இடங்களும் அசைத்துவிட்டன. முதல் முறை பார்த்தபோது நான் லாக் பக்கம். மூன்றாவது முறை, என் அக்கா மகன் பூன் வயதை எட்டியிருந்தான். அந்தப் பகுதியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடரின் மூன்றாம் பருவத்தில் ஜாக் பச்சை குத்திக்கொள்ளும் கதை எத்தனை முறை பார்த்தாலும் இழுவைதான். 2007-இல் முடிவுத் தேதியைத் தீர்மானித்த பிறகுதான் கதை மறுபடி வேகம் பிடிக்கிறது. புத்தகத்தில் ஆறாம் பாகம் எனக்கு ஒட்டவில்லை. கிங் தானே ஒரு பாத்திரமாக உள்ளே வந்துவிடுகிறார், 1999-இல் வேன் மோதி அவர் படுகாயமடைந்ததும் கதைக்குள் வருகிறது. முதலில் எரிச்சல்பட்டேன். இரண்டாம் வாசிப்பில் ஓரளவு ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். 2017-இல் வந்த திரைப்படத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான்காம் பாகம் தடிமனானது, அநேகமாக முழுக்க ரோலண்டின் இளமைக்காலம். ‘லாஸ்ட்’டின் பின்கதைகளைப் போலவே நடப்புக் கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறது. என் பிரதி பினாங்கு ஈரக்காற்றில் முதுகு விட்டு மூன்று துண்டாகிவிட்டது, ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் ஏழு பாகத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

இனி முடிவுகள். ஜாக் மூங்கில் காட்டில் கண்ணைத் திறப்பதில் தொடர் தொடங்குகிறது. அதே மூங்கில் காட்டில் வின்சென்ட் என்ற நாய் வந்து பக்கத்தில் படுக்க, அந்தக் கண் மூடுவதில் முடிகிறது. ரோலண்ட் ஆயிரம் கஷ்டப்பட்டுக் கோபுரத்தின் உச்சிக் கதவைத் திறந்தால், முதல் பாகத்தின் முதல் வரியில் இருந்த அதே பாலைவனம். எல்லாம் மறந்து மறுபடி நடக்கிறான். ஒரே வித்தியாசம், முன்பு தொலைத்த ஊதுகொம்பு இந்த முறை இடுப்பில் இருக்கிறது. பல வாசகர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதும், அது முருங்கை மரத்துக்கே திரும்பிப் போவதும், அவன் மறுபடி மரம் ஏறுவதும் சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதைதானே. ரோலண்டின் உலகத்தில் ‘கா’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அதை விளக்கப் பலரும் பாடுபடுவார்கள், எனக்கு ‘ஊழ்’ என்று ஒரே சொல்லில் முடிந்தது. அந்தக் கொம்பைப் பார்த்த பிறகுதான் ‘லாஸ்ட்’ முடிவோடு எனக்கு இருந்த மனத்தாங்கல் தீர்ந்தது. பதிலைத் தேடிப் பார்த்த கண்ணால் ஜாக்கின் கண் மூடுவதைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அதனால் யாராவது கேட்டால், தொடரை முதலில் பாருங்கள், பிறகு புத்தகம், பிறகு மறுபடி தொடர் என்றுதான் சொல்வேன். அக்கா மகனுக்கும் அப்படியே சொன்னேன். அவன் இப்போது கோலாலம்பூரில் படிக்கிறான், என் பிரதிகளைப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறும்போது பையில் போட்டுக்கொண்டு போனான், நான்காம் பாகம் தவிர. ஏழாம் பாகத்தில் ரோலண்ட் கோபுர வாசலில் நுழையும் இடத்தில், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கிங்கே வாசகரிடம் சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. போன வாரம் இரவு அவனிடமிருந்து செய்தி: “சின்னம்மா, அந்தப் பக்கத்துக்கு வந்துட்டேன். நிக்கவா, போகவா?” நான் அந்தப் பக்கத்தில் மூன்று நாள் நின்றேன் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இன்று ஐந்தாவது நாள், அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.